பழைய சிங்கர் மெசினின் கறுப்பும் தங்கப்பூவும்: எதைத் தொடலாம், எதை விடவேண்டும்

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வீட்டில் அம்மம்மாவின் சிங்கர் 66 கே கால் மெசின் இருக்கிறது. இலக்கம் எஃப் எழுத்தில் தொடங்குகிறது. கறுப்பெல்லாம் மண்ணிறமாகிவிட்டது. முன்பக்கத் தாமரைப்பூ பாதி தேய்ந்து போய்விட்டது. கைச்சில்லுக்குக் கீழே துரு கொப்பளித்திருக்கிறது. ஸ்பிரிட்டில் துடைத்தபோது பஞ்சில் மஞ்சள் மஞ்சளாக வந்ததாம். "இன்னும் துடைக்கவா, இல்லாவிட்டால் கராஜில் கொடுத்துக் கறுப்பு அடித்து, புதுப் பூ ஒட்டவா?" என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம். ஸ்பிரிட் போத்தலை இப்போதைக்கு மூடி வையுங்கள். பஞ்சில் வந்த மஞ்சளை அழுக்கு என்று நினைத்திருப்பீர்கள். அது பூவுக்கு மேலே இருந்த காப்புப் பூச்சு. அது முழுதாகக் கரைந்திருந்தால் அடுத்த துடைப்பில் தங்கமே பஞ்சோடு வந்திருக்கும்.

இந்த மெசினின் உடம்பு வார்ப்பிரும்பு. அதன்மேல் உள்ள கறுப்பு இன்றைக்குப் பேணியில் வாங்கும் எனாமல் இல்லை, ஜப்பான் பிளாக். தார் வகையான நிலக்கீலை லின்சீட் எண்ணெயிலும் டேர்ப்பன்டைனிலும் கரைத்துப் பூசி, சூளையில் வைத்துச் சுட்டு, திரும்பப் பூசிச் சுட்டு இறுக்கியது. அந்தக் கறுப்பு ஆறிய பிறகு டெகால் என்ற தங்கப் படத்தை ஒட்டினார்கள். படம் கையால் வரைந்ததில்லை. காகிதத்திலிருந்து மாற்றி ஒட்டிய, மிக மெல்லிய உலோகப் படலம். இவற்றுக்கு மேலே கடைசியாக, கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு பூச்சு. பழைய மெசின்களில் அது பெரும்பாலும் ஷெலாக், அதாவது தச்சர் கதிரை மேசைக்குப் பிரெஞ்ச் பொலிஷ் அடிக்கும் அதே அரக்குப் பிசின். ஷெலாக் ஸ்பிரிட்டில் கரையும். மண்ணெண்ணெயிலும் மினரல் டேர்ப்பன்டைனிலும் கரையாது. கீழே சொல்லப்போகும் வேலைகளில் முக்கால்வாசி இந்த ஒரு விசயத்தை வைத்துத்தான்.

உங்களுடையதில் உள்ள எஃப் இலக்கம், ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் 1910களில் செய்த மெசின் என்று காட்டுகிறது. 66க்குப் பின்னால் வரும் கே, அந்தத் தொழிற்சாலை இருந்த கில்போவியைக் குறிப்பது. சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டதால் நம் பக்கத்து வீடுகளில் இந்த வயதுடைய மெசின்கள் அரிதில்லை. ஆனால் பக்கத்து வீட்டு உஷா மெசினுக்கோ, சிங்கர் 15 மொடலைப் பார்த்து ஜப்பானில் செய்த நகலுக்கோ இதே மருந்து சரிவரும் என்று நினைக்கவேண்டாம். அவற்றில் பல எனாமல் அல்லது லாக்கர் பூச்சு. எது என்று தெரியாவிட்டால், மெசினைச் சாய்த்து அடித்தட்டின் கீழ்விளிம்பில், பூ இல்லாத இடத்தில், காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். சில விநாடியில் பிசுபிசுத்து மஞ்சள் வந்தால் ஷெலாக். ஒன்றும் வராவிட்டால் வேறு பூச்சு. அப்போது சுத்தம் செய்வது வரை கீழே உள்ளபடி செய்யலாம், ஷெலாக் பூசுவதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, எந்தப் படை கெட்டிருக்கிறது என்று பார்ப்பது. அறையை இருட்டாக்கி, டோர்ச்சை மெசினுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுத்தபடி பிடியுங்கள். பூவும் சுற்றியுள்ள கறுப்பும் ஒரே மாதிரி மினுங்கினால் காப்பு இருக்கிறது. கறுப்பு மினுங்கிப் பூ மட்டும் மங்கித் தெரிந்தால், தங்கம் வெறும் மேனியாக இருக்கிறது. தங்க நிறம் போய் வெள்ளிபோலத் தெரியும் இடங்கள் இருந்தால், அங்கே முன்பு யாரோ கூடுதலாகத் துடைத்துவிட்டார்கள். அதைத் திரும்பத் தங்கமாக்கும் மருந்து கிடையாது. 66இல் முதலில் தேய்வது அடித்தட்டின் முன்விளிம்பு, துணியும் தைப்பவரின் முன்கையும் உராயும் இடம். அங்கே சின்னச் சின்னப் புள்ளிக் கீறல் இருந்தால் அது குண்டூசியின் வேலை. ஊசியைத் துணியிலிருந்து உருவித் தட்டிலேயே போட்டுவிடுவது எல்லோருக்கும் பழக்கம். எங்கெங்கே வெறும் தங்கம் இருக்கிறது என்று ஒரு கடதாசியில் மெசினைக் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்டபிறகு எல்லாம் ஒரே மினுக்கமாகத் தெரியும், அப்போது பிரித்தறிய முடியாது.

சுத்தம் செய்ய வேண்டியது தையல் மெசின் எண்ணெய் ஒன்றே. தண்ணீர்போல நிறமில்லாத மினரல் எண்ணெய், 200 மில்லிலீட்டர் போதும். தேங்காயெண்ணெய் கூடாது. மண்ணிறமாகிப் பிசினாகப் படிந்திருப்பதில் பாதி, முன்னைய காலத்தில் அவசரத்துக்கு விட்ட சமையல் எண்ணெய் கெட்டுப்போய்த் தூசியோடு இறுகியதுதான். துணிக்கு, பலமுறை துவைத்து நைந்த மருதமுனைச் சாரத்தை விட நல்லது கிடையாது. துவாய் வேண்டாம், அதன் நூல் வெடிப்புகளில் மாட்டி இழுக்கும்.

முதலில் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரிக் கடற்கரையோரத்து வீடுகளில் இதைத் தவறவிடவே கூடாது. மெசினில் படிந்திருப்பது நுண்மணல். எண்ணெயோடு சேர்த்துத் தேய்த்தால் நீங்களே சாண்ட் பேப்பர் போட்டமாதிரி ஆகும். தூசு போனபின் மெசின் முழுவதும் எண்ணெயைத் தாராளமாகப் பூசி ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் துணியில் புது எண்ணெய் தொட்டு, உள்ளங்கை அளவு இடமாக மெதுவாகத் துடைத்தெடுங்கள். துணி தேத்தண்ணிச் சாயம்போல மண்ணிறமாகும். துணியின் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். இப்படி மூன்று நான்கு நாள். ஒரே நாளில் முடிக்க நினைத்து அழுத்தித் தேய்ப்பதால்தான் பூ போகிறது. கூர்மையான மூலைகளுக்கு முனை மழுங்கிய மூங்கில் குச்சி.

நீங்கள் குறித்துவைத்த வெறும் தங்க இடங்களில் துணியே வைக்கவேண்டாம். பஞ்சுக் குச்சியை எண்ணெயில் நனைத்து, தேய்க்காமல், உருட்டிக்கொண்டு போங்கள். பஞ்சில் ஒரு துளி மினுக்கம் கண்டாலும் அந்த இடத்தில் வேலை முடிந்தது என்று விட்டுவிடவேண்டும், அங்கே அழுக்கு மிச்சமிருந்தாலும் பரவாயில்லை.

மெசினின் உடம்பில் படக்கூடாதவை: ஸ்பிரிட், தின்னர், கை கழுவும் சானிட்டைசர், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், தோடம்பழ வாசனையுள்ள கிரீஸ் நீக்கிகள், டெட்டோல். கடைசியைப் பலர் யோசிப்பதில்லை, அதிலும் அல்ககோல் இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரும் வெடிப்பு விழுந்த பூச்சில் ஆகாது. வெடிப்பு வழியாக நீர் உள்ளே போய் இரும்பைத் தொடும், படத்தின் ஓரத்தையும் கிளப்பும். மண்ணெண்ணெய் உள்ளே உள்ள இயங்கும் பாகங்களுக்கு மட்டும். பூவின்மேல் எந்த டேப்பும் ஒட்டக்கூடாது, பெயின்ட் அடிப்பவர்களின் காகித டேப் உட்பட. உரிக்கும்போது பூ டேப்போடு போகும்.

வெள்ளி நிறத் தகடுகளைக் கழற்றித்தான் மினுக்கவேண்டும். முகத்தட்டு, பொபினுக்கு மேலுள்ள சறுக்குத் தகடு, ஊசித்தட்டு மூன்றும் எளிதில் வரும். சிங்கரின் திருகாணிகளுக்குத் தனிப் புரி, கடையில் வாங்கும் ஆணி பொருந்தாது. ஆகவே தலைப்பிளவில் நிறைந்து உட்காரும் ஸ்குரு டிரைவர் பாவியுங்கள், இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருங்கள். துருவுக்கு 0000 எண்ணுள்ள மிக மென்மையான ஸ்டீல் வூல், எண்ணெய் தொட்டு. பிறகு மெட்டல் பொலிஷ். தூணில் உள்ள பித்தளைச் சின்னத்தைக் கழற்ற முனையாதீர்கள். அதை மெசினிலேயே வைத்துப் பொலிஷ் போட்டால் ஓரமெல்லாம் வெள்ளை மாவாகத் தங்கிவிடும், எண்ணெய்த் துணியோடு விடுவதே நல்லது.

இவ்வளவும் செய்தபின் மெசினை ஒரு கிழமை சும்மா வைத்துப் பாருங்கள். பாதி மெசின்களுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படாது. மண்ணிறம் போய்க் கறுப்பு வந்திருக்கும், செம்பு மாதிரித் தெரிந்த பூ தங்கமாகத் தெரியும்.

வெறும் தங்கம் இருந்தால்தான் ஷெலாக் வேலைக்கு வரவேண்டும். தளபாடத்துக்குப் பொலிஷ் சாமான் விற்கும் கடைகளில் செதில் செதிலாகக் கிடைக்கும். மெழுகு நீக்கிய, நிறம் குறைந்த செதிலைக் கேளுங்கள். செம்மஞ்சள் செதில் கறுப்பில் பரவாயில்லை, பூவில் கொஞ்சம் சிவக்கும். 30 கிராம் செதிலை 250 மில்லிலீட்டர் ஸ்பிரிட்டில் போட்டு, கண்ணாடிப் போத்தலில் ஒரு நாள் வையுங்கள், இடைக்கிடை குலுக்குங்கள். மூடி தகரமாக இருக்கக்கூடாது, இரும்பு பட்டால் ஷெலாக் கறுக்கும். பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு மெசினுக்கு இது தாராளம். ஸ்பிரிட்டில் தண்ணீர் கூடினால் பூச்சு வெளுக்கும், ஆகவே பாமசியில் காயத்துக்கு விற்பதை விட்டு, பொலிஷ் வேலைக்கு விற்பதை வாங்குங்கள். கரைத்த ஷெலாக்கும் பழசானால் காயாது. எப்போதும் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள், மறுநாள் நகம் பதியாமல் இறுகியிருந்தால் பாவிக்கலாம். பிசுபிசுத்தால் கொட்டிவிடுங்கள்.

காலநிலைதான் இங்கே பெரிய எதிரி. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் இருந்தால் அந்தக் குளிரில் நீர் படிந்து, பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். வாவிக் கரையில் மாரி காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரை, இந்த வேலையைத் தொடவேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருக்கும், ஆனால் அதே காற்று மணலையும் கொண்டுவரும். எனவே காலை ஒன்பது மணிக்குமேல், யன்னலை மூடிய அறையில், மின்விசிறி போடாமல். வெளுத்தாலும் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அடுத்த காய்ந்த நாளில் தானாகக் குறையும். குறையாவிட்டால், பூ இல்லாத இடத்தில் மட்டும், ஸ்பிரிட் சிறிதே பட்ட பொட்டலத்தை (துணியில் கட்டிய பஞ்சு) ஒருமுறை தடவினால் போய்விடும்.

பூச முன், எண்ணெய்ப் பசையை நீக்கவேண்டும். இதற்கு மினரல் டேர்ப்பன்டைன் தொட்ட துணி, அழுத்தாமல். வெறும் தங்கத்தில் மீண்டும் உருட்டும் பஞ்சுக் குச்சி. ஒரு நாள் காயவிடுங்கள்.

வெறும் தங்கத்துக்கு முதற்பூச்சு தூரிகையால்தான், பொட்டலத்தால் இல்லை. வாட்டர் கலருக்குப் பாவிக்கும், மயிர் மென்மையான, அரை அங்குலத் தட்டைத் தூரிகை. ஷெலாக்கைத் தொட்டு, போத்தல் விளிம்பில் வடித்து, ஒரே இழுப்பு. விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் திரும்பிப் போகக்கூடாது. இரண்டாம் முறை தூரிகை போகும்போது முதல் இழுப்பின் ஸ்பிரிட், தங்கத்தைப் பிடித்துவைத்திருக்கும் பழைய பூச்சை இளக்கியிருக்கும். தங்கம் மிதக்கும், தூரிகை அதை இழுத்துப் பூசிவிடும். விட்டுப்போனதை அடுத்த பூச்சில் பிடிக்கலாம். பூச்சுக்குப் பூச்சு இரண்டு மணி நேரம், மொத்தம் மூன்று. பிறகு ஒரு முழு நாள்.

கறுப்புப் பகுதிக்கும் வெடித்த பூச்சுக்கும் பொட்டல முறை. எலுமிச்சம்பழ அளவு பஞ்சை, நூல் உதிராத பருத்தித் துணியில் மடிப்பில்லாமல் கட்டுங்கள். பஞ்சுக்கு உள்ளே ஷெலாக் விட்டு, கடதாசியில் அழுத்துங்கள். ஈரத் தடம் பதிந்து உடனே காயும் அளவே சரி. பொட்டலத்தின் முகத்தில் ஒரு சொட்டு காய்ச்சிய லின்சீட் எண்ணெய், அது வழுக்கலுக்கு. மெசினில் வைத்து நிறுத்தக்கூடாது, தரையைத் தொட்டு எழும்பும் கொக்குமாதிரி, வரும்போதே நகர்ந்து வந்து நகர்ந்தே போகவேண்டும். முதலில் சிறு வட்டம், பிறகு எட்டு வடிவம், கடைசியில் நீளவாட்டு. நின்ற இடத்தில் பொட்டலம் ஒட்டி, பழைய பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். முதலை முதுகுபோல் வெடித்த பூச்சு, புது ஸ்பிரிட் பட்டு இளகி, ஒன்றோடொன்று சேர்ந்து மட்டமாகும். ஷெலாக்கின் பெரிய வசதி இதுதான். ஒரு இடத்தில் ஐந்தாறு முறைக்குமேல் போகாமல் அடுத்த இடத்துக்கு நகருங்கள். நாளுக்கு ஒரு தடவையாக நாலைந்து நாள்.

லின்சீட் எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடேறும், குவியலாக இருந்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர்ப் பேணியில் அமிழ்த்துங்கள்.

கைச்சில்லுக்குக் கீழேயுள்ள துருவைப் பார்ப்போம். கொப்புளம் பூச்சின் மேலே வந்ததில்லை, உள்ளே இரும்பு துருப்பிடித்துப் பருத்துத் தள்ளியது. அதன்மேல் எதைப் பூசினாலும் ஆறு மாதத்தில் உடையும். பிளேட்டைப் படுத்திப் பிடித்து, பூச்சு உறுதியாக நிற்கும் ஓரம்வரை சுரண்டுங்கள். இரும்பை 400, பிறகு 600 வோட்டர் பேப்பரால், தண்ணீருக்குப் பதில் மெசின் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். டேர்ப்பன்டைனால் எண்ணெய் நீக்கி, அன்றைக்கே நிரப்பத் தொடங்குங்கள். இங்கே வெறும் இரும்பு ஒரு இரவு திறந்திருந்தாலே மறுநாள் செம்பூத்துவிடும்.

நிரப்பச் சாதாரண எனாமல் கறுப்பு. தின்னரில் கரையும் லாக்கரோ ஸ்பிரே பேணியோ கூடாது, சுற்றியுள்ள ஷெலாக்கைத் தின்றுவிடும். எனாமல் டேர்ப்பன்டைனில் கரைவது, அது ஷெலாக்கைத் தொடாது. பேணியிலுள்ள கறுப்பு ஜப்பான் பிளாக்குக்குப் பக்கத்தில் நீலமாகத் தெரியும். ஒரு தேக்கரண்டிக் கறுப்புக்குக் குச்சி நுனியில் எடுத்த மண்ணிற எனாமல் சேர்த்தால் ஒத்துவரும். பல்குத்தும் குச்சியால் சொட்டு விட்டு, மெல்லிய படையாக, படைக்கு இரண்டு நாள் இடைவெளி. ஒரேயடியாக நிரப்பினால் மேல் காய்ந்து, உள் ஈரமாகவே நின்று சுருங்கும். மட்டத்துக்குச் சற்று மேலே வந்ததும் இரண்டு கிழமை விட்டு, விரல் நக அளவு மரக்கட்டையில் 1000, 1500, 2000 பேப்பரைச் சுற்றி, எண்ணெய் தொட்டு மட்டமாக்குங்கள். அதன்மேல் ஷெலாக் பொட்டலம்.

பூ போன இடத்துக்கு என்ன? நான் முன்விளிம்பை அப்படியே விடச் சொல்வேன். நடுவே ஒரு கோடு, ஒரு இதழ் மட்டும் அறுந்து கண்ணை உறுத்தினால், தங்க நிற மைக்காத் தூளை ஷெலாக்கில் குழைத்து, மூன்று மயிர்த் தூரிகையால் தொடலாம். பித்தளைத் தூளில் செய்த தங்கப் பெயின்ட் சில வருடத்தில் பச்சையாகவோ மண்ணிறமாகவோ மாறும். தங்கப் பேனைகளில் பல ஸ்பிரிட் கலந்தவை. எதுவானாலும் முதலில் மூன்று பூச்சுக் காப்பு போட்ட பிறகே கீறவேண்டும், அப்போதுதான் பிடிக்காவிட்டால் உடனே துடைத்தெடுக்கலாம்.

முழுதாக உரித்துப் புதிதாக அடிப்பது சில மெசின்களுக்குத்தான் நியாயம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் நீருக்குள் கிடந்து, பிறகு துடைத்து வைக்கப்பட்ட மெசின்கள் இப்போதும் நம் கரையோர வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் உப்பு இரும்பின் நுண்குழிகளுக்குள் போயிருக்கும், பூச்சின் பாதிக்குமேல் கொப்பளித்திருக்கும். அப்படியானால் இயங்கும் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றி, பெயின்ட் நீக்கியால் உரித்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி உடனே சூட்டில் காயவைத்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, கராஜில் இரண்டு பாகம் கலக்கும் கறுப்பு அடிக்கலாம். மணல் ஊதித் துரு எடுக்க விடாதீர்கள், அச்சுத் துளைகளில் மணல் போனால் மெசின் பிறகு சுற்றாது. அந்த இரண்டு பாகப் பெயின்டில் கலக்கும் ஹார்ட்னர் நுரையீரலுக்கு ஆபத்து, வீட்டு முற்றத்தில் அடிக்கிற சாமான் இல்லை.

புதுப் பூவை மொடலுக்கு ஏற்றபடி தொகுதியாக விற்கிறார்கள். 66க்குத் தாமரை, 15க்கும் 27க்கும் சிங்க உடல் ஸ்பிங்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், மாற்றி வாங்கினால் நீளம் பொருந்தாது. வீட்டுப் பிரிண்டரில் அடித்தது தங்கமாக வராது, மஞ்சள் மண்ணிறமாகவே வரும். பெயின்ட் அடித்து இரண்டு கிழமைக்குப் பிறகே ஒட்டவேண்டும். துண்டு துண்டாக வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம், காகிதத்திலிருந்து தானே வழுக்கும்போது எடுங்கள். மெசினையும் நனைத்துவைத்தால் நகர்த்திச் சரிபார்க்க நேரம் கிடைக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈரத் துணியால் நீரை ஒற்றுங்கள். இரண்டு நாள் காய்ந்தபின் மேற்பூச்சு, முதல் இரண்டும் பனி விழுந்தமாதிரி மெல்லியதாக. முதலிலேயே ஈரமாக அடித்தால் படம் சுருங்கும்.

உங்கள் 66க்குத் திரும்புவோம். ஷெலாக் முடிந்து மூன்று கிழமை தொடாமல் வையுங்கள். பிறகு கார்னோபா மெழுகு, கார்களுக்கு விற்பதில் கீறல் நீக்கும் மணல் சேராதது, மெல்லியதாக ஒரு முறை. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெய்த் துணி. மெசினைப் பொலித்தீனில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே அடைபட்ட ஈரம் மாரியில் வியர்த்து அதே கொப்புளத்தைத் திரும்பக் கொண்டுவரும். பருத்தித் துணி போர்த்தி, கடற்காற்று நேரே வரும் யன்னலுக்கு எதிர்ச்சுவர்ப் பக்கம் வையுங்கள். குண்டூசிகளுக்கு ஒரு காந்தத் தட்டு வாங்கி மெசினுக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிடுங்கள்.